துளசிமணி வலம், அர்த்தநாரி இடம்

வெள்ளக்கரட்டில் மாவு மில் நடத்திவந்த துளசிமணிக்கும் அந்த ஊர் மினி பஸ்ஸை ஓட்டிவந்த அர்த்தநாரிக்கும் கல்யாணமாகி மூன்றாவது ஆடி மாதம், காற்று ஊரையே கரட்டுக் குன்றுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில், மில்லுக்குள் அவள் ராகி டப்பாவை எடுக்க வலப்பக்கம் திரும்பியபோது, ஊர்க்கோடி டீக்கடையில் டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்த அவன் இடப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற கண்டக்டர் சூசையின் சட்டை முழுக்க டீயைக் கொட்டினான்.

"என்னுங்க டிரைவரே, திடீர்னு இப்படித் திரும்பறீங்க?"

"நான் எங்கடா திரும்புனேன்? என்னைத் திருப்பீட்டாங்க."

யார் திருப்பினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துபோயிற்று. அவள் வலப்பக்கம் திரும்பினால் அவன் இடப்பக்கம் திரும்பினான், அவன் வலப்பக்கம் திரும்பினால் அவள் இடப்பக்கம் திரும்பினாள், அவர்கள் ஒரே அறையில் இருந்தாலும் சரி, நடுவில் ரெண்டு ஊரும் ஒரு கரடும் இருந்தாலும் சரி. கடைவீதியில் கரும்புச் சாறு வண்டி வைத்திருந்தவர் தன் மிஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பல்லோடு பல் கடித்துக்கொண்டு ஒன்று வலமும் ஒன்று இடமுமாக ஓடும் இரண்டு சக்கரங்களைக் காட்டி, "இதுதான் அது, வேற ஒண்ணுமில்லை" என்றார், கூடியிருந்தவர்களும் "அப்படித்தானாட்ட இருக்குது" என்று ஆளுக்கொரு டம்ளர் சாறு குடித்துவிட்டுக் கலைந்தார்கள். தையல்காரர் மாரப்பன் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இருவர் இடுப்பையும் அளந்தார். அர்த்தநாரியின் சுற்றளவு துளசிமணியுடையதைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. "அதுதான் சங்கதி," என்றார் மாரப்பன். "பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள சின்னது ரெண்டு சுத்து சுத்தியாகோணும். தம்பி, நீங்க பாத்துத் திரும்புங்க, புள்ளைக்குத் தலை சுத்திரும்."

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. மினி பஸ் காலையில் கிளம்பி, மாதாகோயில் வளைவில் திரும்பி, கரட்டைச் சுற்றிக்கொண்டு பாலிடெக்னிக் வழியாகத் தாலுக்கா ஊருக்குப் போய்த் திரும்பும். பஸ்ஸோடு அர்த்தநாரியும் வளைவில் திரும்புவான் அல்லவா, அவன் கால்வாசி திரும்பினால் மில்லில் துளசிமணி அரைவாசி திரும்புவாள். டப்பாவோடு காத்திருக்கும் பெண்கள் அவள் திரும்புவதைப் பார்த்தே நேரம் கணித்தார்கள். "பஸ்ஸு எங்க வருது அம்மணி?" என்று வாசலிலிருந்து யாராவது கேட்டால், மாவுச் சல்லடையோடு மெல்லச் சுழன்றபடியே அவள், "மாதாகோயில் வளைவுங்க்கா, ஓடுனீங்கன்னா புடிச்சரலாம்" என்பாள், அவர்கள் ஓடிப் பிடித்துவிடுவார்கள். மாரியம்மன் கோயிலில் அவள் வலம் வந்தபோது வெளியே செருப்பருகே நின்ற அவன் இடமாகச் சுற்றினான், அது அபச்சாரம் என்று ஒருவர் கிளப்ப, பூசாரி இருவர் நெற்றியிலும் திருநீற்றைப் பூசிவிட்டு, "ஊட்டுக்கு ஒரு ஆளு நேரா வந்தாப் போதும், ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று தீர்த்துவைத்தார்.

வீட்டிலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் சண்டைதான் கெட்டது. கோபத்தில் துளசிமணி முதுகைக் காட்டினால் அர்த்தநாரி கால்வாசி திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவந்தது, காலண்டரிடம் அவன் நியாயம் பேசுவதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரித்தபடி இந்தப் பக்கம் திரும்பினால் அவனும் திரும்பிவிடுவான். "இதுக்கு முன்னால இத்தனை நேரம் மூஞ்சிய மூஞ்சி பாத்ததில்லை ரெண்டும்" என்று மாமியார் பாவாயம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தாள்.

ஒன்று மட்டும் துளசிமணியின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. மில்லில் மோட்டாரிலிருந்து அரைக்கும் கல்லுக்கு ஒரு நீளமான பெல்ட் ஓடியது. முந்தானை அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும் பெல்ட் அது. பஸ் திரும்பும்போதெல்லாம் தானும் திரும்ப வேண்டியிருந்ததால், முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, பெல்ட்டை விட்டுக் கைக்கெட்டாத தூரம் தள்ளி நின்றே அவள் வேலை செய்தாள். ஒவ்வொரு வளைவும் அவளுக்குப் பயம்தான். அதைப் பற்றி ஊரில் யாரும் கூட்டம் போடவில்லை.

கூட்டம் போட்டது, பஸ் மஞ்சள் காட்டுக்குள் இறங்கிய அன்றைக்குத்தான்.

அன்று காலை, ஓடிக்கொண்டிருந்த பெல்ட் பெரிய சக்கரத்திலிருந்து நழுவி, சாட்டைபோல் அவள் முகத்தை நோக்கி வந்தது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சட்டென்று அரைச் சுற்றுத் திரும்பி முகத்தை மறைத்துக்கொண்டாள். பெல்ட் முதுகில் பட்டுக் கன்றியது. அதே நொடியில், நேர்ச் சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு போன அர்த்தநாரி ஸ்டியரிங்கோடு கால்வாசி இடப்பக்கம் திரும்ப, பஸ் வரப்பைத் தாண்டி, ஆளுயரம் வளர்ந்திருந்த மஞ்சள் செடிகளைப் படுக்கவைத்துக்கொண்டு நடுக்காட்டில் போய் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. இறங்கி வந்தவர்கள்மேலெல்லாம் மஞ்சள் இலை வாசம் ரெண்டு நாளைக்கு அடித்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் கூடியது. பஸ் ஓனர் பொன்னுரங்கம் கெட்ட மனுஷர் இல்லை. அவர் மகளே அந்த பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போனாள்.

"அம்மணி, உன்னை ஒண்ணும் குத்தம் சொல்லலை," என்றார். "ஆனா பஸ்ஸுல இத்தனை உசுரு போகுது. வண்டி கிளம்பி வந்து சேர்ற வரைக்கும் நீ ஆடாம அசையாம ஒரு எடத்துல உக்காந்துக்கோணும். அவ்வளவுதான்."

"மில்லுங்க?"

"மத்தியானத்துக்கு மேல ஓட்டிக்க சாமி."

துளசிமணி அர்த்தநாரியைப் பார்த்தாள். அவள் முதுகில் கன்றியிருந்ததை அவன் காலையிலேயே பார்த்திருந்தான், மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டதும் அவன்தான். அதைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அந்த பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

சாயங்காலம் சோறு போடும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங்க, என்னை அசையாம வெச்சுட்டா நீங்க எப்படித் திரும்புவீங்க?"

"அதெல்லாம் திரும்பிக்கலாம் புள்ள."

"கரும்புச் சாறு மிஷின்ல ஒரு சக்கரத்தைப் புடிச்சு நிறுத்திட்டா இன்னொண்ணு சுத்துமா?"

"நாம என்ன சக்கரமா?"

"பின்ன என்னுங்க?"

"ஓனர் சொல்லீட்டாரு, அப்புறம் நான் என்னத்தைப் பேசறது" என்று முணுமுணுத்து, ரசத்தை ஊற்றச் சொன்னான். அவள் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனாள், அவன் தட்டோடு சேர்ந்து திரும்பினான், அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை பொன்னுரங்கம் அனுப்பிய ஆட்கள் மில் நடுவில் ஒரு மர நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, முன்னும் பின்னும் இருபக்கமும் ராகி மூட்டைகளைத் தோள் உயரத்துக்கு அடுக்கினார்கள். கட்டிப்போடவெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் செய்தார்கள், ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் தோளை ஒரு விரற்கடை திருப்ப இடமில்லை. ஊர்க்கோடியில் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது கேட்டது. மாவு அரைக்க வந்த பெண்கள் டப்பாக்களோடு சுவரோரம் உட்கார்ந்து, கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதாகோயில் வளைவு வந்தது அவளுக்குத் தெரிந்தது. தோள்பட்டையை யாரோ பிடித்து முறுக்குவதுபோல் ஒரு இழுவை வந்தது, அவளும் திரும்பிவிடத்தான் முண்டினாள், மூட்டைகள் நகரவில்லை, எலும்பு நெறிபட்டது. "ஐயோ, என்னை விடுங்க, அவரு திரும்போணும்!" என்று கத்தினாள். அப்புறம் இழுவை சட்டென்று நின்றுபோனது. அந்த நிற்றல் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அங்கே நடந்தது இதுதான்: பஸ் திரும்பியது, அர்த்தநாரி திரும்பவில்லை. கால்வாசி வளைந்ததும் அவன் உடம்பு பழைய திசையையே பார்த்து விறைத்து நிற்க, ஸ்டியரிங் கையைவிட்டு நழுவியது. பஸ் சாலையைத் தாண்டி, வளைவை ஒட்டியிருந்த பெருங்கிணற்றின் கைப்பிடிச் சுவரை உடைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் கிணற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்க, வயிறு கிணற்று விளிம்பில் இடித்து நின்றது. முன்னால் சாயலாமா பின்னால் சாயலாமா என்று தராசுபோல் ஆடியது.

சூசை புத்திசாலி. "எல்லாரும் பின்னால போங்க! கடைசி சீட்டுக்குப் போங்க! யாரும் எறங்காதீங்க!" என்று கத்தினான். நடுவில் ஒரு பருமனான ஆள் நிற்பதைவிடக் கடைசி சீட்டில் ஒல்லியாக ஒருத்தி உட்காருவது மேல் என்பது அந்தக் கணம் எல்லோருக்கும் உடம்பிலேயே விளங்கியது, விளிம்பிலிருந்து எத்தனை தூரம் தள்ளிப் போனார்களோ அத்தனை அழுத்தமாகப் பின்பக்கம் கீழே அமர்ந்தது. ஆனால் இறங்க முடியாது. அவர்கள் இறங்கினால் பஸ் போய்விடும், கடைசியாக இறங்குகிறவர்களோடு. விளிம்பு மண்ணோ போன வாரத்து மழையில் இளகி, கட்டி கட்டியாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. டிராக்டர் வர அரை மணியாவது ஆகும். அர்த்தநாரி, திரும்ப முடியாததால், நண்டுபோல் பக்கவாட்டிலேயே ஊர்ந்து ஜன்னல் வழியாகக் குதித்தான்.

மில்லில் போன் அடித்தது. பாவாயம்மாள் அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, மூட்டைகளுக்கு மேலாக மருமகள் முகத்தருகே நீட்டினாள்.

"அம்மணி."

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"பஸ்ஸு கெணத்து மேல நிக்குது. சனம் உள்ளாற இருக்குது." அவனுக்கு மூச்சு வாங்கியது. "இங்க தூர் வார்றவங்க வெச்சுட்டுப்போன கயிறும் கப்பியும் கெடக்குது. கப்பிய பஸ்ஸுக்குப் பின்னால கட்டியாச்சு. கயித்தோட ஒரு முனை வேப்ப மரத்துல, மறு முனை கப்பிக்குள்ள ஓடி என்ற இடுப்புல. ரெண்டு கல்லுக்காலுக்கு நடுவுல நிக்கறேன், கயிறு என்னை இழுத்துட்டுப் போகாது. நீ சுத்தோணும்."

"எந்தப் பக்கமுங்க?"

"எனக்கு இடம். உனக்கு வலம்."

"எவ்வளவு?"

"நான் போதும்ங்கற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "அம்மணி, நேத்து நான் பேசியிருக்கோணும்."

"இப்ப அதுக்கா நேரம்? கயித்த நல்லாக் கட்டுனீங்களா இல்லையா?"

பெண்கள் எழுந்து மூட்டைகளைத் தள்ளிச் சாய்த்தார்கள். மாவும் ராகியும் தரையெங்கும் சிந்தின. துளசிமணி எழுந்து, மில் நடுவில் நின்று, வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் சில சுற்று லேசாகத்தான் போனது, தளர்ந்து கிடந்த கயிறு அங்கே அவன் இடுப்பில் சுருண்டுகொண்டிருந்தது. பிறகு கயிறு விறைத்தது. பஸ்ஸின் பாரம் அவள் தோளுக்கு வந்தது. கப்பி பாதியைக் குறைத்திருந்தது, அவள் சின்னச் சக்கரம் என்பதால் அதிலும் பாதி குறைந்திருந்தது, அவளுடைய இரண்டு சுற்று அவனிடம் ஒரு சுற்றாகவும் இரு மடங்கு பலமாகவும் போய்ச் சேர்ந்தது. இத்தனை குறைந்தும் மிச்சமிருந்த பாரத்தில் அவள் பாதம் மாவில் வழுக்கியது.

பக்கத்து வீட்டு அங்காத்தாள் ஓடிவந்து அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நகரவில்லை.

"கிட்ட நின்னு தள்ளாதீங்க்கா, பிரயோசனமில்லை," என்று மூச்சிரைத்தாள் துளசிமணி. "அந்த மூங்கிலை எடுங்க."

கூரைக்கு ஒட்டடை அடிக்க வைத்திருந்த நீள மூங்கிலைக் குறுக்காக அவள் தோள்மேல் வைத்துப் புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். "நுனிக்குப் போங்க, ரெண்டு நுனிக்கும்!" நுனியில் இருவர் இருவராக நின்று, செக்கைச் சுற்றுவதுபோல் நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அதிக தூரம் நடக்க வேண்டியிருந்தது, ஆனால் நடக்க முடிந்தது, நடுவில் துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு மெல்ல, நிற்காமல், வலமாகச் சுற்றினாள். மாவு புகைபோல் எழும்பி எல்லோரையும் வெள்ளையாக்கியது. சிலர் மாதாவைக் கூப்பிட்டார்கள், சிலர் மாரியாத்தாவைக் கூப்பிட்டார்கள், போனுக்குள்ளிருந்து பஸ்ஸில் இருப்பவர்களும் அதே இருவரையும் கூப்பிடுவது கேட்டது, கல்லில் இரும்பு உரசுவது கேட்டது, மண் சரிந்து தண்ணீரில் விழுவது கேட்டது.

திடீரென்று பாரம் இல்லாமல் போனது. மூங்கில் தள்ளியவர்கள் தடுமாறி விழுந்தார்கள். துளசிமணி பம்பரமாய் ரெண்டு சுற்றுச் சுற்றி ராகிக் குவியலில் உட்கார்ந்தாள். போனில் ஒரு சத்தமும் இல்லை. கயிறு அறுந்ததா, பஸ் போய்விட்டதா, யாருக்கும் தெரியவில்லை. பாவாயம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"ஏறிருச்சுங்கோ!" என்று சூசையின் குரல் கிறீச்சிட்டது. "நாலு சக்கரமும் மண்ணுல நிக்குதுங்கோ!"

மத்தியானம் அர்த்தநாரி நடந்தே வந்தான். இடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. மில் வாசலில் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் குந்தினான். உள்ளே போய் மஞ்சள் குழைத்துவந்து முதலில் அவள் முதுகில், பிறகு தோளில் பற்றுப் போட்டான். மிச்சத்தை அவள் வாங்கி அவன் இடுப்பில் பூசினாள். சாயங்காலம் அவன் பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, ஊரே கேட்கும் குரலில் சொன்னான்:

"இனிமே என்ற ஊட்டுக்காரிய யாராச்சும் புடிச்சு நிறுத்துனா, பஸ்ஸை நீங்களே ஓட்டிக்குங்க."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். மறுவாரம் அவரே ஒரு சலூனிலிருந்து சுழலும் நாற்காலி ஒன்றை விலைக்கு வாங்கி மில்லில் கொண்டுவந்து வைத்தார், பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலையும் அடித்துக்கொடுத்தார். பஸ் நேரத்தில் துளசிமணி அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள், வளைவு வந்தால் நாற்காலியோடு சுழல்வாள், எடை போட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே, சில சமயம் முறுக்கு தின்றுகொண்டே. ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒரு தரமாவது அதில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். மாசம் ஏற ஏற மாரப்பன் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். ஏழாம் மாசம் இருவர் சுற்றளவும் சமமாகி, ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று என்றானது. ஒன்பதாம் மாசம் அவள் அவனைத் தாண்டினாள். பஸ் எந்த வளைவில் திரும்பினாலும் அவள் கொஞ்சமாக, ராஜகம்பீரமாகத்தான் அசைந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் நிற்கும்போதோ, அவள் புளி டப்பாவை எடுக்கத் திரும்பினால் அர்த்தநாரி இரண்டு பக்கமும் டீயை வீசியபடி கிறுகிறுத்துப் போனான். சூசை பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சேதி தெரிந்தபோது மினி பஸ் நிறையச் சனத்தோடு ஆஸ்பத்திரி ரோட்டில்தான் வந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, "அஞ்சே நிமிஷம், எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று சூசையிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

நர்ஸ் குழந்தையைத் துளசிமணியின் மடியில் வைத்தார். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கையைக் குழந்தையின் முதுகில் வைத்து, மறு கையால் துளசிமணியின் தோளை அணைத்தான். அத்துடன் மூவரும் நின்றுபோனார்கள்.

அவள் வலமாகத் திரும்பினால் அவன் இடமாகத் திரும்ப வேண்டும். அவளைத் தொட்டுக்கொண்டிருக்கும் குழந்தையும் இடமாகத் திரும்ப வேண்டும். ஆனால் குழந்தை அவனையும் தொட்டுக்கொண்டிருந்தது, அவன் இடமாகத் திரும்பினால் அது வலமாகத் திரும்பியாக வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் திரும்ப அந்தச் சின்ன உடம்பால் எப்படி முடியும்? ஆகவே அது திரும்பவில்லை. அது திரும்பாததால் அவர்களாலும் திரும்ப முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்குங்க, மாத்திரை குடுக்கோணும்," என்றார் நர்ஸ்.

"முடியலீங்க சிஸ்டர்," என்றாள் துளசிமணி.

வெளியே ஹாரன் அடித்தது. திரும்பவும் அடித்தது. கடைசியில் சூசையே வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தான். "டிரைவரே, சனமெல்லாம் கத்துது. வண்டி எடுக்கலீங்களா?"

அர்த்தநாரி அவன் பக்கம் திரும்பாமலே சொன்னான். "எப்படிறா எடுக்கறது? சிக்கிக்கிட்டோம்."

யாராவது ஒருவர் ஒரு விரற்கடை பின்வாங்கினால் போதும், மூவரும் விடுபட்டுவிடலாம். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குழந்தை வாயைத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. சூசை செருப்பு சத்தம் கேட்காமல் நடந்து போய், "இன்னிக்கு நேரமாகும், எல்லாரும் எறங்கி நெழல்ல உக்காருங்க" என்று பஸ்ஸின் இரண்டு கதவையும் திறந்துவிட்டான்.